வளைகாப்புச் சீரில் வந்த நான்கு சக்கரங்கள்

கொல்லிமலை, வாழவந்தி நாடு,
வெள்ளிக்கிழமை காலை.

மரியாதைக்குரிய மச்சான் மாணிக்கம் அவர்களுக்கு, உங்கள் தங்கை பானுமதியைக் கட்டிய குற்றத்துக்காக முப்பது வருடமாக உங்களுக்கு மச்சானாக இருந்துவரும் அர்த்தநாரி எழுதிக்கொள்வது. முள்ளுக்குறிச்சியில் தாங்களும் அக்காவும் மாடு கன்றுகளும் சுகம்தானே? சுகமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கென்ன. எங்கள் சுகத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பேசக் கூடாதா என்று கேட்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் சிரிப்பீர்கள், நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் போய்விடும். இந்தத் தடவை அது போகக் கூடாது. தபாலில் போட்டாலும் வழியிலேயே ஆறிவிடும் என்று பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மகள் கவிதாவுக்கு ஏழாம் மாதத்தில் வளைகாப்பு வைத்தோம். தாய்மாமன் சீர் என்றால் ஊர் உலகத்தில் என்ன கொண்டு வருவார்கள்? புடவை, வளையல், பூ, பழம். நீங்கள் மினி லாரியில் வந்து இறங்கினீர்கள். மேளக்காரன் அடிக்க அடிக்க, மஞ்சள் குங்குமம் வைத்து மாலை போட்ட நான்கு ஜீப் சக்கரங்களை, ஆளுக்கொன்றாக நான்கு பேர் வாசல் வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்தார்கள். டயர் மாட்டிக் காற்றும் அடித்துத் தயாராக இருந்த சக்கரங்கள். அதில் ஒன்று கை நழுவி, மாலையோடு சரிவில் இறங்கி, பக்கத்துக் காட்டு மரவள்ளியில் எட்டுச் செடியைச் சாய்த்துவிட்டுத்தான் நின்றது. "மழைக்காலத்துல பழைய டயரு வழுக்குமுங்க மச்சான். புள்ளத்தாச்சி போற வண்டி. மலைக்கு இந்த மாதிரி முரட்டு டயருதானுங்க சரி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில்தான் நான் ஏமாந்தேன்.

சீர் ஒற்றைப்படையில் இருக்க வேண்டுமே என்று அப்போதுதான் உங்களுக்கு நினைவு வந்தது. நான்கு சக்கரத்தோடு ஒரு பலாப்பழத்தை வைத்து ஐந்தாக்கினீர்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்றவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். கொல்லிமலைக்குக் கீழேயிருந்து பலாப்பழம் ஏற்றி வந்த ஆளை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அதுகூடப் போகட்டும். ஐந்தாவதாக ஒன்று வேண்டுமென்றால் ஐந்தாவது சக்கரம் என்று ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறதே, அது ஏன் உங்கள் புத்திக்கு எட்டவில்லை? ஸ்டெப்னி மாட்டும் இடத்தில் பலாப்பழத்தையா மாட்ட முடியும்? இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

பழைய நான்கையும் கழற்றிப் புதியதை மாட்டினோம். "பழசை வீணாக்காதீங்க, மாட்டு வண்டிக்குப் போட்டா சும்மா மிதக்கும்" என்று நீங்களே யோசனை சொல்லிவிட்டு இறங்கிப் போனீர்கள். நானும் செம்மேட்டு வெல்டிங் பட்டறையில் அச்சை மாற்றி, இரண்டை மாட்டு வண்டிக்குப் போட்டேன். மற்ற இரண்டும் தொழுவத்தில் சாய்ந்து நின்றன. மாடு சந்தோஷப்பட்டது, அதை நான் மறுக்கவில்லை.

மறுநாள் ஜீப்பில் உட்கார்ந்தால் முன்னால் உள்ள திரையில் மஞ்சள் விளக்கு எரிகிறது. முன்பக்க இடது சக்கரத்தில் முப்பது இருக்க வேண்டிய காற்று பதினான்குதான் இருக்கிறதாம். இறங்கி உதைத்துப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. ஆனாலும் படித்தவர்கள் செய்த வண்டி, நம்மைவிட அதற்குத் தெரியும் என்று கால் பம்பை எடுத்து அடித்தேன். திரை பதினான்கிலேயே நின்றது. மறுநாளும் அடித்தேன். பதிமூன்று என்றது. நான் காற்றடிக்க அடிக்கக் குறைகிற அதிசயத்தைப் பார்த்து எனக்கு வெறி பிடித்துவிட்டது. நான்கு நாள் அடித்தேன், மச்சான். கவிதாவை மாதாந்திரப் பரிசோதனைக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினால், இடது பக்கம் மட்டும் ஒவ்வொரு கல்லுக்கும் முழம் உயரம் குதிக்கிறது. "அப்பா, நிறுத்துங்க. நான் நடந்தே வாரேன்" என்று பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டது. ஊர் பார்க்க அவள் முன்னால் நடக்க, நான் பின்னால் ஜீப்பில் ஊர்ந்து போனேன்.

செம்மேட்டில் பஞ்சர் கடை யுவராஜ் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தான். "ஏனுங்க, இதுல அறுபது இருக்குதுங்க. வெடிச்சா நானும் நீங்களும் ஆத்துக்கு அந்தப் பக்கம் கெடப்போமுங்க" என்று பாதிக்குப் பாதி இறக்கினான். திரை மட்டும் பிடிவாதமாகக் கத்தியது. வீட்டுக்குத் திரும்பி வந்து மாட்டு வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன், கத்தல் நின்றது, விளக்கு மட்டும் எரிந்தது. மரவள்ளி ஏற்றிய வண்டிக்குப் பின்னால் ஓட்டினால் சமர்த்தாக வருகிறது, மாட்டை முந்தினால் கத்துகிறது. இதை யுவராஜிடம் போய்ச் சொன்னேன். அவன் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, மாட்டு வண்டியின் இடது டயரில் எத்தனை காற்று இருக்கிறது என்று பார்க்கச் சொன்னான். பார்த்தேன். ஆணி குத்திப் பதிமூன்று இருந்தது.

விஷயம் என்னவென்றால், என் ஜீப்பின் ஒவ்வொரு சக்கரத்துக்கு உள்ளேயும், காற்றடிக்கும் வால்வுக்குப் பின்னால், கட்டைவிரல் அளவில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே இருக்கும் காற்றை அளந்து திரைக்குச் சொல்வது அதுதான். சக்கரம் மாற்றினால் அதைப் பதமாகக் கழற்றி, புது வாஷர் போட்டு, புதுச் சக்கரத்துக்குள் வைக்க வேண்டும். இல்லையென்றால் புதுச் சென்சார் வாங்கி வைத்து, இனி இதுதான் உன் சக்கரம் என்று வண்டிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நீங்கள் இரண்டையும் செய்யவில்லை. என் ஜீப் அத்தனை நாளும் மாட்டு வண்டியின் காற்றை அளந்து எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, மாட்டு வண்டி எட்டாத தூரம் போனால் சக்கரத்தைக் காணோம் என்று கத்தியிருக்கிறது!

"புதுசுக்குள்ள சென்சார் இருக்குதா இல்லையான்னு டயரைப் பிரிச்சாத்தானுங்க தெரியும்" என்றான் யுவராஜ். பிரிக்கலாம் என்று வீட்டில் வாயைத் திறந்தேன். எதற்கு என்று சொல்வதற்குள் உங்கள் தங்கை வாசலை மறித்து நின்றுகொண்டாள். "புள்ளத்தாச்சி இருக்கற ஊட்டுல ஒரு ஆணியப் புடுங்குவாங்களா? எங்கண்ணன் மஞ்சள் வெச்சுக் குடுத்த சீரப் பிரிக்கறீங்களா? புள்ள பொறக்கற வரைக்கும் ஒன்னையும் பிரிக்கக் கூடாது. பழசையும் பிரிக்கக் கூடாது" என்றாள். இரண்டு மாதம் கத்தலோடு குடித்தனம் நடத்தினேன். விளக்கைப் பார்க்கவே எரிச்சலாக வந்ததால் கவிதாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து அதன் மேல் ஒட்டிவிட்டேன். சத்தத்துக்கு ஒட்ட ஒன்றும் கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் கவிதாவுக்கு வலி எடுத்தது. மருமகன் திருப்பூரில். 108க்குக் கூப்பிட்டால், வண்டி வேறொரு பிரசவத்துக்குப் போயிருக்கிறது, முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு நாமக்கல்லுக்குக் கிளம்பிவிட்டேன். கிளம்பியதும் அது கத்த ஆரம்பித்தது. "கத்தட்டும், நீங்க ஓட்டுங்க" என்றாள் பானுமதி. வழக்கமான கத்தல்தானே என்று எழுபது கொண்டை ஊசி வளைவில் இருபத்தேழைத் தாண்டிவிட்டேன். கீழேயிருந்து எண்ணினால் நாற்பத்து மூன்றாவது வளைவில் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தால், எங்கேயோ ஒரு கல் கிழித்து, பின்சக்கரம் ரிம்மோடு தரையில் உட்கார்ந்திருக்கிறது. எப்போதும் கத்துகிற வண்டி எது நிஜமாகக் கத்துகிறது என்று எனக்கு எப்படி மச்சான் தெரியும்?

ஜாக்கி போட்டேன். பழைய ஸ்டெப்னியை எடுத்து வைத்தேன். உங்கள் பகட்டுச் சக்கரத்தின் நட்டு அதற்குச் சேரவில்லை. பழைய நட்டுகள் வீட்டில் ஒரு டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன. உள்ளே பிள்ளை "அப்பா, முடியலப்பா" என்று கத்துகிறாள், ஜீப் கத்துகிறது, உங்கள் தங்கை என்னைப் பார்த்துக் கத்துகிறாள், போனில் ஒரு கோடுகூட இல்லை. சீரில் ஐந்தாவதாக ஒரு சக்கரம் இருந்திருந்தால் பத்து நிமிட வேலை. பலாப்பழத்தை நினைத்துக்கொண்டேன். நீங்கள் அப்போது எதிரில் இருந்திருந்தால் இன்று இந்தக் கடிதத்தைப் படிக்க இருந்திருக்க மாட்டீர்கள்.

நல்லவேளையாக மேலேயிருந்து பஸ் வந்தது. கண்டக்டர் ஒரே பார்வையில் புரிந்துகொண்டு கடைசி சீட்டைக் காலி செய்ய வைத்தார். பெண்கள் இறங்கி வந்து கவிதாவைத் தாங்கி ஏற்றினார்கள். நானும் ஏறப் போனேன். "நீங்க வரக் கூடாதுங்க. வளைவுல பாதி ரோட்டை உங்க வண்டி அடைச்சிருக்குது. தெரியாம ஒரு லாரி திரும்புனா தொலைஞ்சுது. நின்னு துண்டைக் காட்டுங்க. அடிவாரத்துல, காரவள்ளியில 108ஐ நிக்கச் சொல்றனுங்க" என்றார். "அப்பா, வாங்கப்பா" என்று ஜன்னலில் கவிதாவின் குரல் கேட்டது. "போ கண்ணு, போ சாமி, பின்னாலயே வாரேன்" என்று பொய் சொன்னேன். பஸ் திரும்பி மறைந்துவிட்டது.

மூன்று மணி நேரம், மச்சான். சிவப்புத் துண்டை ஆட்டிக்கொண்டு, என் பிள்ளை உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் அந்த வளைவில் நின்றேன். அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டேன். எட்டுக்கை அம்மனுக்குக் கிடா நேர்ந்துகொண்டேன். நடுவில் உங்களைத் திட்டினேன், திட்டிய பாவம் அவள் தலையில் விடிந்துவிடக் கூடாதே என்று பயந்து மறுபடி கும்பிட்டேன். பன்னிரண்டு மணிக்குமேல் கீழேயிருந்து ஏறி வந்த பஸ், என் பக்கத்தில் வந்ததும் வேகம் குறைந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "செவப்புத் துண்டு நீங்கதானுங்களா? பொம்பளப் புள்ள பொறந்திருக்குதுங்க! தாயும் புள்ளயும் நல்லா இருக்காங்களாம்!" என்று சத்தம் போட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். அதை எழுத எனக்கு வெட்கமில்லை. அதே பஸ்ஸில் சொல்லியனுப்பினேன், யுவராஜ் வீட்டு டப்பாவிலிருந்த பழைய நட்டுகளோடு வந்து வண்டியை நகர்த்தினான்.

பேத்தியைப் பார்த்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நான் மட்டும் நேற்று மேலே வந்தேன். ஆகவே இதனால் தெரிவிப்பது என்னவென்றால், உங்கள் நான்கு சக்கரத்தையும் வந்து எடுத்துக்கொண்டு போகவும். இனி என் ஜீப்பின் கதவுப் பிடியைக்கூட நீங்கள் தொடக் கூடாது. சென்சார் வைக்காமல் சீர் வைத்த உங்களோடு எனக்குப் பேச்சு இல்லை. அக்காவுக்கு என் வணக்கம், அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எல்லாத் தெய்வங்களும் உங்களுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும், இந்தக் கடிதத்தைப் பல வருடம் நினைத்து வருந்துவதற்காக.

இப்படிக்கு,
கோபம் மாறாத
அர்த்தநாரி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் யுவராஜ் கூப்பிட்டான். பிள்ளைதான் பிறந்துவிட்டதே என்று கிழிந்த டயரைப் பிரித்திருக்கிறான். உள்ளே புத்தம் புதுச் சென்சார் இருந்ததாம். மற்ற மூன்றையும் பிரித்தான், மூன்றிலும் இருந்ததாம். பானுமதிக்குப் போன் போட்டேன். "எங்கண்ணன் வளைகாப்பு அன்னிக்கே சொன்னாருங்களே. புதுச் சென்சார் வெச்சிருக்குது, ஒரு நாள் வண்டிய ராசிபுரத்துக்குக் கொண்டாங்க, கம்ப்யூட்டர்ல சொல்லிக் குடுத்தரலாமுன்னு. நீங்கதான் பந்தியில உக்காந்துக்கிட்டு 'சரி சரி, ரசத்த ஊத்துங்க'ன்னீங்க" என்றாள். ரசம் நன்றாக இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. மேலே உங்களைத் திட்டியிருக்கும் இடங்களில் எல்லாம் என் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளவும். ஞாயிற்றுக்கிழமை கவிதாவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பிள்ளையோடு மலை ஏறினால் மாமா ஓட்டினால்தான் ஏறுவாளாம், அப்பா பின்சீட்டில் பேசாமல் வர வேண்டுமாம். ஜீப் யுவராஜ் கடையில் நிற்கிறது. சாவியை இந்த உறைக்குள் போட்டிருக்கிறேன்.