வாசல் கழுவிய சனிக்கிழமை

அந்தச் சனிக்கிழமை எனக்கிருந்தது ஒரே வேலை. வீட்டு வாசலில் விழுந்த பனியை அள்ள வேண்டும்.

அறுபதுகளின் கடைசி. மியூனிக்கில் நானும் நாகர்கோவில் ஜோசப்பும் ஒரு வீட்டு மாடியில் ஆளுக்கொரு அறையில் குடியிருந்தோம். வாரம் ஒருவர் பனி அள்ளுவது அந்த வீட்டு முறை. அது என் முதல் வாரம்.

தபால்காரர் வருவதற்குள் வாசல் சுத்தமாக வேண்டும் என்று வீட்டுக்கார அம்மாள் சொல்லியிருந்தார். போன வருஷம் தபால்காரர் வழுக்கி விழுந்தாராம். பனி அள்ளாத ஆளை அன்றே அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டாராம் அம்மாள்.

அந்த அறை கிடைக்க நான் எத்தனை வீடு ஏறி இறங்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும். பயந்து பயந்து அள்ளினேன். அள்ளிய பிறகும் படியில் சேறு தெரிந்தது. மனசு கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் வாசல் சுத்தம் என்றால் தண்ணீர்தான். இரண்டு வாளி ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினேன். படி பளபளத்தது. அம்மாள் அசந்துபோவார் என்று நினைத்துக்கொண்டே டீ போட மாடிக்குப் போனேன்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜுக்குப் போனவன் நான். ஜெர்மனிக்கு வந்ததே ஐஸ் தயாரிக்கும் இயந்திரங்களைப் பற்றிப் படிக்கத்தான்.

டீ முடிவதற்குள் புயல் காற்று ஆரம்பித்துவிட்டது. இறங்கி வந்தேன். படி இன்னும் பளபளத்தது. ஈரம் காயவில்லை போல என்று காலை வைத்தேன்.

அடுத்த கணம் உட்கார்ந்திருந்தேன். ஊற்றிய தண்ணீர் அத்தனையும் ஐஸாகியிருந்தது. முதுகில் காற்று. ஓவர்கோட் பாய்மரம் மாதிரி உப்பியது. உட்கார்ந்தபடியே படியெல்லாம் இறங்கி, கேட்டில் போய் மோதினேன்.

மாடி ஜன்னலில் ஜோசப்.

"லேய், வாசல் தெளிச்சாச்சு. கோலம் எப்பம் போடப்போற?"

தபால்காரர் வரும் நேரம், ஏதாவது செய்யடா என்று கெஞ்சினேன். தூவினால் வழுக்காது என்று அடுப்புச் சாம்பலை வாளியில் எடுத்துக்கொண்டு பின்பக்கமாகச் சுற்றி வந்து கொடுத்தான். கை நிறைய அள்ளி வாசலை நோக்கி வீசினேன். காற்றோ வீட்டுப் பக்கமிருந்து அடித்தது. அத்தனையும் என் முகத்துக்கே திரும்பியது.

"விபூதி போதும்லே, படிக்கும் கொஞ்சம் மிச்சம் வை."

தெருமுனையில் தபால்காரர் தெரிந்தார். நான் தவழ்ந்தேன். படிப்படியாகத் தவழ்ந்து, சாம்பலைக் கையால் பூசிக்கொண்டே ஏறினேன். அவர் என்னைத் தாண்டி ஏறி, கடிதத்தைப் போட்டு, பத்திரமாக இறங்கிப் போனார். எனக்கு வணக்கமும் சொன்னார்.

நிமிர்ந்தால் கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்கார அம்மாள் நிற்கிறார்.

"யாராவது விழுந்தார்களா?"

பொய் சொல்ல வரவில்லை. "நான் விழுந்தேன்" என்றேன்.

"குடியிருப்பவர் விழுந்தால் கணக்கில்லை. தண்ணீர் எதற்கு?"

எங்கள் ஊரில் வாசலைத் தண்ணீர் விட்டுத்தான் கழுவுவோம் என்று விளக்கினேன். சற்று யோசித்தார்.

"அப்புறம் எப்படி வெளியே போவீர்கள்?"

அறை என்னிடமே இருந்தது. வாளியை மட்டும் அவர் தம் அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.