மார்மன்கள் ஏன் படிப்பை விடுகிறார்கள்: ஆலன் நகர ஆய்வு

மானுட அறிவின் வளர்ச்சிக்கு டெக்சாஸ் மாநிலம் ஆலன் நகரத் தமிழர்கள் ஆற்றிய தொண்டு இதுவரை எந்தச் சரித்திரத்திலும் ஏறவில்லை. நஷ்டம் சரித்திரத்துக்குத்தான். மற்றவர்கள் சந்திரனுக்கு ஆள் அனுப்பிப் பெயர் வாங்கினார்கள். திருவாளர் கிட்டுசாமி பக்கத்து வீட்டுக்கு நேரிலேயே போனார். இரண்டில் எது அதிக தூரம் என்பது ஆலனில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். பதினொரு வருஷமாக அந்த வீட்டுக்காரர்களிடம் அவர் பேசியதெல்லாம் குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைப்பது என்பது பற்றி மட்டும்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அவர் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு வாசலில் ஒரு வாடகை லாரி வந்து நின்றது. அதிலிருந்து மார்சி கிறிஸ்டென்சனின் மகள் பெய்லி இறங்கினாள். கூடவே ஒரு கணவன், ஒரு மெத்தை, ஆறு மாத வயிறு. யூட்டாவில் கல்லூரி மூன்றாம் ஆண்டில் இருக்க வேண்டிய பெண் அவள். கிட்டுசாமி ஓஸ் பைப்பைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

"நாகு! பக்கத்து வீட்டுப் புள்ள படிப்பைப் பாதியில விட்டுப்போட்டு வந்துட்டா!"

"தெரியுமுங்க" என்றாள் நாகமணி, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். தினமும் காலையில் அவளும் மார்சியும் குளத்தைச் சுற்றி மூன்று மைல் நடப்பவர்கள். மார்சி வீட்டில் எது நடந்தாலும் இரண்டாவது சுற்றுக்குள் நாகமணிக்குத் தெரிந்துவிடும்.

"அவங்க மார்மன்கிற கிறிஸ்தவ சபைக்காரங்க. அவங்கள்ல நிறையப் பேரு இப்படித்தான் விட்டுடறாங்களாம். ஏன்னு தெரிஞ்சுக்காம விட்டா நாளைக்கு இங்கயும் பரவும்." சொல்லிவிட்டு மாடியைப் பார்த்தார். மாடியில் அவர்களுடைய ஒரே மகள், பதினேழு வயது ஓவியா, கல்லூரிகளுக்கு அப்ளை பண்ணிக்கொண்டிருந்தாள்.

கிட்டுசாமி ஒரு பெரிய கம்பெனியில் புராஜெக்ட் மேனேஜர். ஒரு பிரச்சினையைக் கண்டால் சாமானியர்கள் அதைத் தீர்த்துத் தொலைத்துவிடுவார்கள். அவர் அப்படி அவசரப்படுகிறவர் அல்ல. கமிட்டி போடுவார். அந்தச் சனிக்கிழமையே அவர் வீட்டு கராஜில் 'உயர்கல்வி இடைநிற்றல் ஆய்வு மற்றும் தடுப்புக் குழு' உதயமாயிற்று. உறுப்பினர் பதினொரு பேர், பதினொரு பேரும் ஆண்கள். பெண்களுக்குப் பங்கில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. அவர்களும் வந்திருந்தார்கள், உள்ளே போண்டா போடுவதற்கு.

"முதல்ல அவங்க லைஃப்ஸ்டைலைப் பாக்கணும்" என்றார் துணைத்தலைவர் அச்சுதன். "அவங்க காப்பி குடிக்கிறதில்ல. டீயும் கிடையாது. நான் என்ன கேக்குறேன்னா, காப்பி இல்லாம ஒரு மனுஷன் எப்படி செமஸ்டர் எழுதுவான்?"

செயலாளர் கமால் அதைக் 'கருதுகோள் எண் ஒன்று' என்று குறித்துக்கொண்டார்.

"பசங்க பதினெட்டு வயசுல மிஷன்னு ரெண்டு வருஷம் ஊர் ஊரா மதத்தைப் பரப்பப் போறாங்க" என்றார் இன்னொருவர்.

"ரெண்டு வருஷ கேப்பா?" அச்சுதன் நெஞ்சில் கை வைத்தார். "அதை ரெஸ்யூமேல எப்படிக் காட்டுவாங்க?"

"பொண்ணுங்க இருபது வயசுல கல்யாணம் பண்ணிட்டு விட்டுடறாங்க" என்றார் கிட்டுசாமி. "எந்த அப்பன் ஆத்தா அதைப் பாத்துட்டுச் சும்மா இருப்பாங்க? அதுதான் எனக்குப் புரிய மாட்டேங்குது."

போண்டாத் தட்டோடு வந்த நாகமணியின் காதில் இது விழுந்தது. அவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய், மசாலா டப்பா வைக்கும் டிராயரைத் திறந்து பார்த்து மூடினாள். அதில் ஒரு விண்ணப்பம் இருந்தது. கம்யூனிட்டி காலேஜில் பிசிக்ஸ் படிக்க விண்ணப்பம். பெயர், முகவரி எல்லாம் எழுதியாயிற்று. 'முன்பு படித்த கல்லூரியை விட்டதற்குக் காரணம்' என்ற கட்டம் மட்டும் மூன்று வாரமாகக் காலியாகக் கிடந்தது.

அன்று எல்லோரும் போன பிறகு அவள் மெதுவாக ஆரம்பித்தாள். "ஏனுங்க, மாசக் கடைசி சனிக்கிழமை மூணு மணிக்கு எனக்கொரு வேலை இருக்குதுங்க."

"அன்னைக்குத்தான் நம்ம குழு மாநாடு! நூத்தியிருபது பேரு. போண்டா ரெண்டு ரவுண்டு. ஒரு மணிக்கு ஒண்ணு, மூணு மணிக்கு ஒண்ணு. அப்படி என்ன வேலை?"

"காலேஜுல கணக்குப் பரீட்சைங்க. அது எழுதுனாத்தான் சேத்துக்குவாங்க. விட்டா அடுத்த வருஷந்தான். மார்சிதான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பதிஞ்சுது."

கிட்டுசாமி மனைவியின் கல்விக்குக் குறுக்கே நிற்பவரல்ல. அவர் கேட்டதெல்லாம் ஒரு நியாயமான கேள்வி. "நாப்பத்திமூணு வயசுல எதுக்கு?" கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள், கருதுகோள் எண் ஒன்றுக்கு ஆதாரம் திரட்ட லேப்டாப்பைத் திறந்தார்.

அடுத்த வாரம் கள ஆய்வு. கிட்டுசாமியும் அச்சுதனும் கேள்வித்தாளோடு பக்கத்து வீட்டுக்குப் படையெடுத்தார்கள். முறுக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு நாகமணியும் போனாள். மார்சி எல்லோருக்கும் எலுமிச்சைச் சாறு கொடுத்தாள். தங்களை 'மார்மன்' என்பதைவிடச் சபையின் முழுப் பெயரால் அழைத்தால் சந்தோஷம் என்று பணிவாகச் சொன்னாள். பெயரின் நீளம் கருதி பழைய பெயரே தொடரும் என்று அச்சுதன் குறித்துக்கொண்டார்.

அவர்கள் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"நீ ஏனம்மா படிப்பை விட்டாய்?" என்று கேட்டார் கிட்டுசாமி, டாக்டர் நோயாளியைக் கேட்கும் குரலில்.

"கல்யாணம் ஆச்சு அங்கிள். அவருக்கு டாலஸில் வேலை கிடைத்தது. குழந்தை வேறு வரப்போகிறது. அதனால் வந்துவிட்டேன்" என்றாள் பெய்லி. "ஜனவரியில் ஆன்லைனில் தொடர்வேன். தொடர்வேன் என்றுதான் நினைக்கிறேன்."

கிட்டுசாமியின் முகத்தில் இரக்கம் பொங்கியது. அவர் எழுதினார்: 'கணவனுக்கு எங்கே வேலையோ அங்கே போவதற்காகப் பெண் தன் படிப்பை விடுகிறாள். இது அச்சமூகத்தின் விசித்திர வழக்கம்.'

"நானும் அப்படித்தான் விட்டேன்" என்றாள் மார்சி. "ஐந்து குழந்தைகள். இப்போது ஐம்பத்தொன்று ஆகிறது. அதனால்தான் நாகமணியும் நானும் சேர்ந்து..."

"பலே! பரம்பரையாக வருகிறது" என்று கிட்டுசாமி இன்னொரு வரி எழுதினார். நாகமணியின் பெயர் அதில் வரவில்லை. அது ஆய்வின் எல்லைக்கு வெளியே.

திரும்பி வரும்போது இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த புல்தரையில் நாகமணி நின்றுவிட்டாள். "ஏனுங்க, நானும் பி.எஸ்ஸி. மூணாம் வருஷத்துல விட்டவதானுங்களே?"

"உன்னுது வேற."

"எப்படிங்க வேற?"

"உன்னுது விசா."

"சென்னையில விசாவுக்குக் கூப்பிட்ட அன்னைக்குத்தான் கோயமுத்தூர்ல எனக்குப் பரீட்சை. என்ன பரீட்சைன்னு தெரியுமுங்களா உங்களுக்கு?"

கிட்டுசாமி யோசித்தார். யோசிப்பதில் அவர் குறை வைத்ததில்லை. "ஏதோ சயன்ஸு."

"ஆப்டிக்ஸ்ங்க. ஹால் டிக்கெட்டு இன்னும் பாஸ்போர்ட்டுக் கவருக்குள்ள இருக்குது."

"அதையெல்லாமா வெச்சிருக்கிறே?" என்று மனதார வியந்தபடி அவர் வீட்டுக்குள் போனார். நாகமணிக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. இருபத்துமூன்று வருஷத்துக் கோபம். அதை அவ்வளவு நாளாகத் தலைவலி என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள்.

மாநாட்டு நாள் வந்தது. நகர ரிக்ரியேஷன் சென்டர் ஹால். மேடையில் பதாகை, பூங்கொத்து, மூன்று மைக். ஹாலின் பின்பக்கம் சமையலறை. அதன் ஜன்னல் வழியாக மேடை நன்றாகத் தெரியும். மேடையிலிருந்து பார்த்தால் சமையலறை தெரியாது, போண்டா வருவது மட்டும் தெரியும். முதல் சுற்று ஒரு மணிக்குப் போய்விட்டது. இரண்டாம் சுற்றுக்கு மாவு தயார். நாகமணியோடு கமாலின் மனைவி தாஜ் நிஷாவும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் வேலையில் இருந்தார்கள். இரண்டரைக்கு வாசலில் வண்டியோடு நிற்பதாக மார்சி சொல்லியிருந்தாள். மணி இரண்டு பத்து.

கிட்டுசாமி நாற்பத்திரண்டு ஸ்லைடுகளையும் கம்பீரமாக ஓட்டினார். எல்லாம் ஓவியா செய்து கொடுத்தவை. ஆறு வீடுகளில் விசாரித்ததில் படிப்பை விட்டவர்கள் ஒன்பது பேர். இரண்டு பையன்கள் மிஷன் போய்த் திரும்பி வந்து படிப்பை முடித்துவிட்டார்கள். மிச்சம் ஏழும் பெண்கள். காரணம் கல்யாணம், கணவனின் வேலை, குழந்தை. காப்பிக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக நிரூபிக்க முடியவில்லை என்பதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கம்மியது.

"பாருங்க! இருபத்தியோராம் நூற்றாண்டுல, அமெரிக்காவுல, ஒரு பொம்பளப்புள்ள புருஷன் பின்னால வர்றதுக்காகப் படிப்பை விடறா. கேக்கவே மனசு பதறுதுங்க!"

அரங்கம் கைதட்டியது. கடைசி ஸ்லைடு வந்தது. 'நமது சமூகத்தில் இடைநிற்றல்: 0'. இதைச் செய்யும்போதே ஓவியா, "அப்பா, சோர்ஸ் என்ன?" என்று கேட்டிருந்தாள். "நான்தான்" என்று அவர் சொல்லியிருந்தார்.

வெற்றிக் களிப்பில் கிட்டுசாமி ஒரு படி மேலே போனார். "சந்தேகம் இருந்தா இப்பவே பாத்துக்கலாம். நம்மாளுகள்ல காலேஜைப் பாதியில விட்டவங்க யாராச்சும் இருந்தாக் கையத் தூக்குங்க பாக்கலாம்!"

யாரும் தூக்கவில்லை. அவர் புன்னகையோடு திரும்பப் போனார். அப்போது பின்னாலிருந்து ஒரு ஜல்லிக்கரண்டி உயர்ந்தது. கரண்டியைப் பிடித்திருந்த கை நாகமணியுடையது. சமையலறைக் கதவைத் தாண்டி ஹாலுக்குள்ளேயே வந்து நின்றிருந்தாள்.

"பி.எஸ்ஸி. பிசிக்ஸ்ங்க. மூணாம் வருஷம்."

"நாகு, இது அதுக்கான இடம் இல்ல."

"நீங்கதானுங்க கேட்டீங்க."

அவளுக்குப் பின்னால் தாஜ் நிஷா வந்து கையைத் தூக்கினாள். "பி.காம். ரெண்டாவது வருஷம். ஜூன்ல நிக்காஹ், ஆகஸ்ட்ல ஃப்ளைட்." அவளுக்குப் பின்னால் ஒரு எம்.எஸ்ஸி., ஒரு நர்ஸிங். நாற்காலிகளிலிருந்தும் கைகள் எழுந்தன, முதலில் தோள் வரை, பிறகு முழுசாக. பக்கத்தில் இருந்த கணவர்கள், மனைவி ஏதோ கேள்வி கேட்கப் போகிறாள் என்று நினைத்து விலகி வழிவிட்டார்கள். செயலாளர் கமால் எண்ணிக்கொண்டே வந்தார். பத்தொன்பதாவது கையில் பேனாவை மூடிவிட்டார்.

"ஆர்டர்! ஆர்டர்!" என்றார் கிட்டுசாமி. "கல்யாணத்துக்காக விட்டவங்க இதுல சேர மாட்டாங்க! அது இடைநிற்றல் இல்ல. அது கல்யாணம்!"

"ஓகே அப்பா" என்றாள் லேப்டாப் முன்னால் இருந்த ஓவியா. "அப்போ பெய்லியையும் கவுன்ட் பண்ணக் கூடாது. ஷீ ஆல்சோ காட் மேரீட். அந்த ஏழு பேரையும் எடுத்துடவா? அப்போ அவங்க நம்பரும் ஸீரோதான்."

நாற்பத்திரண்டு ஸ்லைடு ஆராய்ச்சி ஒரே நொடியில் ஆட்டம் கண்டது. அச்சுதன் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுக்கச் சமையலறையில் ஆள் இல்லை.

நாகமணி மேடைக்கு நடந்து வந்து, எண்ணெய் சொட்டும் கரண்டியை அறிக்கையின் மேல் வைத்தாள். "நான் போயிட்டு வர்றனுங்க. அடுப்பை அணைச்சாச்சு. மாவு பாக்கியிருக்குது."

"மூணு மணி போண்டா?" என்றார் கிட்டுசாமி. நியாயமாகச் சொன்னால், அன்று முழுவதும் அவர் உண்மையிலேயே பதறிக் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

வாசலில் மார்சியின் வண்டி நின்றது. ஐந்து பிள்ளைகளை வளர்த்த வண்டி, எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். நாகமணி ஏறினாள். "சும்மா என்ன ஏதுன்னு விசாரிச்சிட்டு வரேன்" என்று தாஜ் நிஷா ஏறினாள். இன்னும் நான்கு பேர் ஏறினார்கள். ஒருத்தி ஏப்ரனைக் கழற்ற மறந்துவிட்டாள். வண்டி சிக்னலில் நின்றபோது நாகமணி விண்ணப்பத்தை மடியில் விரித்து, காலியாக இருந்த கட்டத்தில் எழுதினாள்: 'அப்போது யாரும் என்னைக் கேட்கவில்லை.'

ஹாலில் பதினொரு உறுப்பினர்களும் மாவுப் பாத்திரத்தைச் சுற்றி நின்று அவசரக் கூட்டம் நடத்தினார்கள். எண்ணெய் எவ்வளவு காய வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. கமால் நடவடிக்கைக் குறிப்பை எழுத, கிட்டுசாமி ஒவ்வொரு வரியாகச் சொன்னார்:

'அறிக்கை ஏகமனதாக ஏற்கப்பட்டது. மூன்று மணிப் போண்டா பாதியில் நின்றது வருத்தத்துடன் பதிவு செய்யப்படுகிறது. காரணத்தைக் கண்டறிய, தலைவர் கிட்டுசாமி தலைமையில் தனிக்குழு அமைக்கப்படுகிறது. நமது சமூகத்தில் உயர்கல்வி இடைநிற்றல் பூஜ்யம் என்பது இம்மாநாட்டில் மீண்டும் ஒருமுறை ஐயமற நிரூபிக்கப்பட்டது.'

கமால் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தார். "பத்தொன்பது கையை என்ன பண்றது சார்? அதுல ஒண்ணு என் ஒய்ஃபோடது."

கிட்டுசாமி ஒரு நிமிஷம் கண்ணை மூடிச் சிந்தித்தார். பெரிய ஆராய்ச்சியாளர்களுக்கே உரிய தெளிவு அவர் முகத்தில் பரவியது.

"அடிக்குறிப்பு போடுங்க" என்றார். "'சமையலறையில் இருந்தவர்கள் கணக்கில் சேர்க்கப்படவில்லை.'"

"நாற்காலியில இருந்தவங்களும் தூக்கினாங்களே சார்?"

"அவங்களும் வீட்டுக்குப் போனா அங்கதானே இருப்பாங்க? எழுதுங்க."