பதினான்கு நொடிக்குள் ஒரு மாப்பிள்ளை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு கார் நீங்கலாக அனைவரும் சுகம். தாங்களும் சம்பந்தியம்மாளும் சுகமாகத்தான் இருப்பீர்கள். மகனை எங்களிடம் அனுப்பிவிட்டவர்களுக்கு என்ன குறை.

தங்கள் சீமந்த புத்திரர் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுக்கும் நேரம் போக, மீதி நேரமெல்லாம் என் காருக்கு வேகம் ஏற்றிவருகிறார். வேகமாகப் போய்ச் சேர ஓர் ஊர் உண்டா என்றால் கிடையாது. நேர்கோடாகக் கால் மைல் ரோடு, இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பாய வேண்டும், எத்தனை நொடி ஆயிற்று, கடைசிக் கோட்டைத் தாண்டும்போது என்ன வேகம் என்று ஒரு காகிதத் துண்டு தருவார்கள், வாங்கிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். எடை குறைந்தால் நொடி குறையுமாம். முதலில் ஸ்டெப்னி போயிற்று, பிறகு ஏசி, பிறகு பாட்டுப் பெட்டி, கடைசியில் ஓட்டுபவர் சீட் தவிர எல்லா சீட்டும் கழன்று எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டன. தாங்கள் வந்தால் அதில்தான் அமரப்போகிறீர்கள், பெல்ட்டும் இருக்கிறது. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஊரையே ஏற்றி இறக்கிய நான், கண் டாக்டரிடம் நடந்து போகிறேன்.

பொறுத்துப் பார்த்த என் மகள் ஒரு தீர்ப்பு சொன்னாள். “இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள பதினாலு செகண்டுக்குக் கீழ வந்தா கார் உங்களுக்கு. வரலைன்னா எல்லா சீட்டையும் மாட்டி அப்பாகிட்ட குடுத்துடணும்.” அந்த ஞாயிறு, வாழ்க்கையில் முதல்முறையாக, ஆசையோடு பந்தயம் பார்க்கப் போனேன்.

பச்சை விளக்கு விழுந்ததும் மாப்பிள்ளை மிதித்த மிதியில் டயர் சுற்றியது, புகை வந்தது, கார் மட்டும் நின்றது. பதினான்கு புள்ளி நான்கு. கோட்டில் வேகம் நூற்று அறுபத்தைந்து. அடுத்த தடவை வேகம் ஒன்று கூடிற்று, நேரமும் கூடிற்று. காகிதம் கொடுத்த அம்மாள், “இன்ஜின்ல குறை இல்ல சார், கால்லதான்” என்றார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. மூன்றாம் தடவை பச்சை விழும் முன்பே பாய்ந்து சிவப்பு விளக்கு வாங்கினார், அந்த ஓட்டம் செல்லாது. காருக்கு நாலு ஓட்டம்தான், மிச்சம் ஒன்று, அதற்குள் அவர் இடது காலில் தசை பிடித்துக்கொண்டது.

“மாமா, கார் உங்க பேர்லதானே இருக்கு. நீங்க ஓட்டுங்க” என்றார். நான் ஓட்டித் தோற்றால் கார் எனக்கு. இப்படியொரு வரம் கேட்டாலும் கிடைக்குமா? பச்சை விழுந்தது. கண்ணாடியைப் பார்த்தேன், இரண்டு பக்கமும் பார்த்தேன், நிதானமாக ஐந்து நொடியைப் பாழாக்கினேன். அதற்குள் பக்கத்துத் தடத்தில் எனக்கு ஜோடியாக நின்ற பொடியனின் பின்விளக்கு கண்ணில் பட்டது. என்னை முந்தியவன் என்று ஒருவன் இதுவரை கிடையாது சம்பந்தி. ரோஷம் வந்தது. ஆனாலும் கை பழக்கம், கால் பழக்கம் விடுமா, நின்றுவரும் பயணிகள் விழாதபடி கிளட்சை அளந்து விட்டு, அப்புறம் மிதித்தேன்.

பதின்மூன்று புள்ளி எட்டு.

“நான் வீணாக்கின அஞ்சு செகண்ட் எங்கம்மா போச்சு?” என்று காகிதம் கொடுத்த அம்மாளைக் கேட்டேன். “சக்கரம் நகர்ந்தப்புறம்தான் சார் கடிகாரமே ஓடும். பச்சை விழுந்ததும் நீங்க ஒரு தூக்கம் போட்டு வந்திருந்தாலும் இதே டைம்தான்” என்றார். என் காரை என் காலாலேயே இழந்தேன். வயிறு எரிகிறது. தாங்கள் உடனே வந்து மகனுக்கு நாலு வார்த்தை சொல்லி, என் காரை மறுபடி காராக்கித் தர வேண்டுகிறேன்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். வீட்டுச் சிறியவர்கள் நீடூழி வாழ, மெதுவாக வாழ, ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பி.கு.: தபாலில் போட மூன்று நாள் தாமதம். இதற்கிடையில் பந்தயப் பலகையில் என் பேரை எழுதிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு மனசு விட்டுப்போயிற்று. “போதும் மாமா, சீட்டையெல்லாம் மாட்டிடறேன்” என்று ஸ்பானரோடு நிற்கிறார். எடை கூடினால் என் பதின்மூன்று எட்டு என்ன ஆவது? தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, கூடத்தில் அந்த சீட்டின் மேல் உட்கார்ந்துகொள்ளவும். யார் சொன்னாலும் எழுந்திருக்க வேண்டாம்.