பதவி: டிரோன்

அன்றைக்குச் சங்கத்து ஆபீசில் இருந்தவர்கள் சரியாக ஐந்து பேர். வேலூரிலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரி, எங்கள் செக்ரட்டரி, பட்டுநூல் வாங்க வந்த தறிக்காரர் முனுசாமி, நான், அப்புறம் உம்கொட்டி. ஜீப்பு டிரைவரைச் சேர்த்தால் ஆறு. ஆனால் அவர் வேப்பமரத்தடியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார், எதையும் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து யாரும் என்னை விசாரணைக்குக் கூப்பிடப் போவதில்லை என்று தெரியும். இருந்தாலும் சாட்சிகளை முதலிலேயே சொல்லிவைத்தால்தான் எனக்கு மூச்சு சீராக வருகிறது.

படித்து, பரீட்சை எழுதி, சிபாரிசு பிடித்து உத்தியோகம் பார்த்தவர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருக்கலாம். 'உம்' என்கிற இரண்டே எழுத்தை வைத்துக்கொண்டு உத்தியோகம் பார்த்து, பென்ஷன் வயசு வரைக்கும் போனவர் ஒரே ஒருவர்தான். அவர் ஆரணிக்காரர்.

எழுபதுகளின் கடைசி அது. எங்களுடையது பட்டு நெசவாளர் சங்கம். தறிக்காரர்களுக்கு நூலும் ஜரிகையும் கொடுப்போம், நெய்த புடவையை வாங்கிக் கூலி கொடுப்போம். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். புடவை மடிக்கிற வேலைக்குத்தான் சேர்ந்தேன். கையெழுத்து குண்டுகுண்டாக இருந்ததால் ரிஜிஸ்டர் எழுதுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்தால் போதும், என்னை வேலையை விட்டு நிறுத்தத்தான் வந்திருக்கிறது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராகிவிடுவேன். ஒருமுறை தபாலில் வந்த காலண்டரைப் பார்த்தே கலங்கியிருக்கிறேன்.

உம்கொட்டியை யார் வேலைக்கு வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பழைய செக்ரட்டரி ஒருநாள் அவரிடம், "இங்கயே இரு, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மாற்றலாகிப் போய்விட்டார். உம்கொட்டி "உம்" என்று சொல்லி உட்கார்ந்தவர்தான். பதினோரு வருஷம். 'இதர செலவு' என்ற தலைப்பில் அவருக்குச் சம்பளம் போய்க்கொண்டிருந்தது.

காலையில் ஒரு கட்டு நூலைத் தோளில் போட்டுக்கொண்டு ஏதாவது ஒரு தறிக்காரர் வீட்டுக்குப் போவார். கட்டை இறக்கிவைத்துவிட்டுத் தறிக்குப் பக்கத்தில் சம்மணம் போடுவார். தறிக்காரர் காலால் மிதித்துக்கொண்டே பேசுவார். மருமகன் கோபித்துக்கொண்டு போனது, கூரை ஒழுகுவது, பல்வலி, எல்லாம். உம்கொட்டி "உம்" கொட்டுவார். மாமியார் விஷயத்துக்கு நீளமான உம். கூலி விஷயத்துக்குக் குட்டையான உம். அரசியலுக்கு மூக்கால் மட்டும் ஒரு உம், அதில் எந்தக் கட்சிக்காரனும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. யாரும் பேசாதபோதும் அடிவயிற்றிலிருந்து ஒரே சுருதியில் 'ம்ம்ம்' என்று ஓடிக்கொண்டிருக்கும். சுவிட்சு எங்கே இருக்கிறது என்று தெரியாது.

அந்த அதிகாரி வந்தபோதும் அப்படித்தான் மூலையில் கண்ணை மூடி ஓடிக்கொண்டிருந்தார்.

"யாருய்யா இது?"

"நம்ம உம்கொட்டி சார்" என்றார் செக்ரட்டரி.

"என்ன போஸ்ட்?"

செக்ரட்டரி என்னைப் பார்த்தார். நான் முனுசாமியைப் பார்த்தேன். முனுசாமி கூரையைப் பார்த்தார்.

அதிகாரி நேராக அவரிடமே போனார். "யோவ், உனக்கு இங்க என்ன வேலை?"

"உம்."

"கேக்கறது காதுல விழுதா இல்லையா?"

"உம்."

"என்ன, திமிரா?"

நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். மூடி என்ன பயன், காது திறந்துதானே இருக்கிறது. "உம்" என்று கேட்டது.

அதிகாரி பச்சை மசிப் பேனாவை எடுத்தார். ஊழியர் ரிஜிஸ்டரில் உம்கொட்டி பெயருக்கு நேராக, பதினோரு வருஷமாகக் காலியாகக் கிடந்த 'பதவி' என்ற கட்டத்தில், இங்கிலீஷில் ஒரே வார்த்தை எழுதினார். டிரோன். "மாசக் கடைசிக்குள்ள லிஸ்ட் வரணும். போஸ்ட் இல்லாத ஆள் ஒருத்தன்கூட இருக்கக் கூடாது, வீட்டுக்கு அனுப்பு" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

உம்கொட்டிக்கு வீட்டில் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். இந்த இதர செலவை விட்டால் வேறு வரவு கிடையாது.

எங்கள் செக்ரட்டரி தினமும் இங்கிலீஷ் பேப்பர் வாங்குபவர். வாங்குவார், பிரிப்பார், பிடித்துக்கொள்வார். அர்த்தம் கேட்டால் மட்டும், "அது எடத்தப் பொறுத்ததுப்பா" என்பார். அன்றும் அதையே சொன்னார். உம்கொட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு அர்த்தம் தேடக் கிளம்பினேன்.

முதலில் ஹைஸ்கூல் சயன்ஸ் வாத்தியார். "டிரோன்னா ஆண் தேனீப்பா" என்றார். "அதுக்குக் கொட்டற கொடுக்கும் கெடையாது, வேலையும் கெடையாது. மத்தது சேத்த தேனக் குடிச்சிட்டுக் கூட்டுல கெடக்கும். ஙொய்னு சத்தம் போடுதே, அந்தச் சத்தத்துக்கும் அதான் பேரு. சும்மா உக்காந்து திங்கிற மனுசனையும் அப்படித்தான் சொல்லுவான். பூச்சியிலேர்ந்து சத்தத்துக்குப் பேரு வந்துச்சா, சத்தத்துலேர்ந்து பூச்சிக்கு வந்துச்சா, அது எனக்கே குழப்பம்."

"கடைசியில அதுக்கு இன்னா ஆவும் சார்?" என்றேன்.

"தேன் கொறையற காலத்துல எல்லாம் சேந்து வெளிய தள்ளிடும். செத்துப்பூடும்."

நான் பதறிப்போய் உம்கொட்டியைப் பார்த்தேன். "கேட்டீங்களாண்ணே?"

"உம்" என்றார், யாரோ மூன்றாம் மனுஷருக்கு வந்த ஆபத்தைக் கேட்டதுபோல.

அடுத்தது கண்ணமங்கலத்து ஹவில்தார். பட்டாளத்தில் விமானத்தைச் சுடுகிற பீரங்கிப் படையில் இருந்தவர். "டிரோனா? அதுல ஆளே இருக்க மாட்டான். காலியா பறந்து வரும், நாங்க சுட்டுப் பழகுவோம்" என்றார். "மொதமொதல்ல வெள்ளக்காரன் ஒண்ணு செஞ்சான், அதுக்கு ராணித்தேனீன்னு பேரு. அதப் பாத்து அமெரிக்காக்காரன் செஞ்சான். ராணின்னு ஒண்ணு இருக்கச்சொல்ல இதுக்கு இன்னா பேரு வெக்கிறது? ஆண் தேனீன்னு வெச்சுட்டான்."

"அப்போ இவரச் சுடணும்னா எழுதிட்டுப் போயிருக்காரு?"

"பயப்படாத நைனா. நூறு குண்டு போட்டா ஒண்ணு படும்."

"உம்" என்றார் உம்கொட்டி. அதில் கொஞ்சம் ஆறுதல் தெரிந்தது.

திரும்பி வந்த மறுநாள், பெரணமல்லூர் நாதசுரக்காரர் ஒரு கல்யாணத்துக்கு ஆரணி வந்திருந்தார். மூன்றாவதாக அவரையும் கேட்டுவைப்போமே என்று போனேன். கேட்டதும் சிரித்தார்.

"ஒரு வெள்ளக்காரர் வந்து எங்க வாசிப்ப டேப்புல புடிச்சிகினு போனாரு. பின்னால ஒத்து ஊதிகினு இருந்தாரே எங்காளு, அவரக் காட்டி டிரோன், டிரோன்னு சொல்லிகினே இருந்தாரு. எங்காளோட பேரத்தான் தப்பா சொல்றாருன்னு நெனச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, ஒத்துக்கு அவங்க பாஷையில அதான் பேராம்."

"ஒத்து ஊதறவர்னா, வேல செய்யாத ஆளுங்களா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "யாருப்பா சொன்னது? கிண்டலுக்கு ஆயிரம் சொல்லுவாங்க. ஒரே சுரம்தான் ஊதுவான், ஆனா அவன் நிறுத்திப் பாக்கட்டும். நான் எங்க நிக்கிறேன்னே எனக்குத் தெரியாது. கல்யாண வீட்ல என் மானம் பூடும்."

அடுத்த வாரம் முழுக்க உம்கொட்டியை ஆபீசிலேயே உட்கார வைத்திருந்தார் செக்ரட்டரி, அதிகாரி மறுபடி திடீரென்று வந்துவிடுவாரோ என்று. வெள்ளிக்கிழமை முனுசாமி கத்திக்கொண்டே உள்ளே வந்தார்.

"இன்னாங்க இது பேஜாராகீது! அந்த ஆள அனுப்புவீங்களா மாட்டீங்களா? அஞ்சு நாளா ஒரு மொழம் ஓடல. பேசறதுக்கு ஆளில்லாம பொண்டாட்டிகிட்ட பேசினேன். அவ திருப்பிப் பேசறா! சண்டையில இழ அறுந்து, அத முடி போடவே பொழுது பூடுது."

நாதசுரக்காரர் சொன்ன ஒத்து ஞாபகத்துக்கு வந்து, எனக்குள் ஏதோ ஒன்று பளிச்சென்றது. பயந்தவனுக்கு அப்படி ஆவது அபூர்வம்.

மாசக் கடைசியில் லிஸ்ட் எழுத உட்கார்ந்தேன். செக்ரட்டரி ரிஜிஸ்டரைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் எழுதவேண்டும். எழுத்தர் ஒன்று. காவலாளி ஒன்று. மடிப்பவன் ஒன்று. உம்கொட்டி பெயருக்கு வந்ததும் செக்ரட்டரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"டிரோன், ஒண்ணு."

என் பேனா நின்றுவிட்டது. "சார், அது..."

"இன்னாய்யா? பதவிக் கட்டத்துல இருக்குது. பச்ச மசியில இருக்குது. பச்ச மசியில அதிகாரி எழுதினா அது உத்தரவு. புதுப் பதவி குடுத்துகீறாரு. நீ படிச்சவனா, நான் படிச்சவனா?"

அர்த்தத்தைச் சொன்னால் உம்கொட்டி பெயரைச் செக்ரட்டரி லிஸ்டிலிருந்து அடித்துவிடுவார். சொல்லாவிட்டால், நாளைக்கு விசாரணை வந்தால், எழுதிய குண்டுக் கையெழுத்து என்னுடையது. உம்கொட்டி மூலையில் இருந்தார். "அண்ணே, எழுதட்டுமா, வேணாமா?" என்றேன்.

"உம்" என்றார். எந்தக் கேள்விக்கு என்று இன்றைக்கு வரை எனக்கு விளங்கவில்லை.

எழுதினேன்.

"பணி விவரம்னு ஒரு கட்டம் கீதே, அதுல இன்னா போடறது?" என்று செக்ரட்டரி என்னையே கேட்டார். நாதசுரக்காரர் சொன்னதை ஆபீஸ் பாஷையில் ஆக்கினேன்: 'ஒரே நிலையில் இடைவிடாது இருந்து, முதன்மைப் பணியாளர்கள் தடம் மாறாமல் பணிபுரியத் துணைநிற்றல்.' செக்ரட்டரி இரண்டு தடவை படித்துவிட்டு, "இதத்தான் நானும் நெனச்சேன்" என்றார்.

நாற்பது நாள் நான் தூங்கவில்லை. நாற்பத்தொன்றாம் நாள் உத்தரவு வந்தது. 'டிரோன், ஒரு பணியிடம், நிரந்தரம்.' வேலூர் ஆபீசில் யாரோ லிஸ்டைப் பார்த்து, கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருக்கின்றன என்று முத்திரை குத்திவிட்டார்கள். கட்டம் காலியாக இருந்தால்தானே அவர்களுக்குக் கோபம் வரும். கொஞ்ச நாளில் பக்கத்து ஊர்ச் சங்கத்துக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து, "உங்களுக்கு ஒரு டிரோன் குடுத்துகீறாங்களாமே, எங்களுக்கும் ஒண்ணு கேக்கணும், எந்த ஃபாரம்?" என்று விசாரித்துப் போனார்.

இரண்டு வருஷம் கழித்து அதே அதிகாரி, அதே பச்சைப் பேனாவோடு வந்து இறங்கினார். சம்பள ரிஜிஸ்டரைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"இது யாரு?"

மூலையில் உம்கொட்டி எழுந்து நின்றார். அதிகாரி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். போன தடவையைவிட அதிகாரி இளைத்திருந்தார், முகத்தில் ரெண்டு நாள் தாடி. எங்களை வெளியே இருக்கச் சொன்னார். நான் ஜன்னலோரம் நின்றுகொண்டேன், என் பெயர் அடிபடுகிறதா என்று கேட்க.

அடிபடவில்லை. "பையன் வீட்டைவிட்டுப் போய் மூணு மாசம் ஆகுதுய்யா" என்று ஆரம்பித்தார் அதிகாரி.

"உம்ம்."

"நான்தான் கை ஓங்கிட்டேன்."

"உம்."

ஒரு மணி நேரம் போயிற்று. கதவு திறந்தபோது அதிகாரி முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். ரிஜிஸ்டரில் பச்சை மசியில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். எதையும் அடிக்கவில்லை. ஜீப்பில் ஏறும்போது செக்ரட்டரியிடம், "அந்த ஆள ஒழுங்கா வெச்சுக்கங்க" என்றார்.

உம்கொட்டி டிரோனாகவே இருந்து டிரோனாகவே ஓய்வு பெற்றார். பெண்கள் இரண்டு பேரும் படித்துக் கட்டிக்கொண்டு போனார்கள். அவருக்கு அப்புறம் அந்த இடத்துக்கு யாரும் கிடைக்கவில்லை. காலிப் பணியிடம், டிரோன் ஒன்று என்று வருஷா வருஷம் நான்தான் எழுதி அனுப்பினேன். அவர் காலமான வருஷமும் அதையே எழுதினேன், வேறு எப்படி எழுதுவது என்று தெரியாமல்.

போன மாசம் கண்ணமங்கலத்தில் ஒரு கல்யாணம். போட்டோக்காரப் பையன் ஒருவன் சிலந்தி மாதிரி ஒன்றை மேலே பறக்கவிட்டு, "எல்லாரும் மேல பாருங்க, டிரோன்! டிரோன்!" என்று கத்தினான். எல்லோரும் அண்ணாந்து பல்லைக் காட்டினார்கள். அது என் தலைக்கு நேர்மேலே வந்து நின்று, ஒரே சுருதியில் ஓடியது.

பக்கத்தில் யாரும் கவனிக்கவில்லை என்று இரண்டு தடவை உறுதி செய்துகொண்டு, "நல்லா இருக்கீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

அதே பதில்தான் வந்தது.