நார்பர்ட் வீட்டு நுரை

நார்பர்ட் பீர்க் குழாய் வாங்கி வீட்டு நிலவறையில் மாட்டியதோடு நின்றிருக்கலாம். நின்றானா? பௌலிங் சிநேகிதர்கள் நாலு பேரையும் கூப்பிட்டு, "மில்வாக்கி ஊர்ல இனிமே எதுக்குடா மதுக்கடை? ஞாயித்துக்கிழமை டிவி மேட்ச் இங்கதான். பீரும் இங்கதான்!" என்று மார்தட்டிவிட்டுக் குழாயைத் திறந்தான்.

புஸ்ஸென்று நுரை வந்தது. கோப்பை நிறைய நுரை, அடியில் மருந்துக்குக் கொஞ்சம் பீர்.

"நாலு பேருக்கும் சவரம் பண்ணிக்க ஆச்சு" என்றான் அவர்களில் ஒருவனான பக்கத்து வீட்டு வெர்ன். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் தவணை தர்றேன். அன்னைக்கும் நுரைன்னா, இந்த வருஷம் பூரா எல்லா மேட்சும் என் வீட்லதான்."

நார்பர்ட் நினைத்துப் பார்த்தான். வெர்ன் வீட்டில், வெர்ன் சோபாவில், ஓரமாக ஒண்டிக்கொண்டு வருஷம் பூரா மேட்ச் பார்ப்பதா? செத்தாலும் மாட்டான்.

அவன் மனைவி ரோஸலின் பிறந்ததே அவள் அப்பாவின் மதுக்கடை மாடியில்தான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் கௌரவம் என்னாவது!

திங்கட்கிழமை வாயு அழுத்தத்தைக் குறைத்தான். நுரை. செவ்வாய்க்கிழமை ரப்பர் குழாயை நீளமாக மாற்றினான். நுரை. புதன்கிழமை பீர்ப் பீப்பாய் இருந்த குளிர்பெட்டியின் குளிரைக் கூட்டினான். நுரைக்கும் சற்றுக் குளிர்ந்ததே தவிர வேறு பலனில்லை.

அன்று மாலை ரோஸலின் இறங்கி வந்தாள்.

"நார்ப், பெட்டி மூச்சு விட வேண்டாமா? சுத்தி இவ்வளவு குப்பையை அடைச்சு வெச்சா எப்படிக் குளிரும்?"

அட, ஆமாம்! பன்னிரண்டு வருஷத்துக் குப்பை. ஓடாத பனி தள்ளும் இயந்திரம், படம் வராத ரெண்டு டிவி, காற்றுப் போன ரப்பர் படகு. எல்லாவற்றையும் ராவோடு ராவாகத் தெருவுக்குக் கடத்தினான்.

"இப்ப சரியாயிருக்குமா ரோஸ்?"

"அந்த ஆடற படியையும் பாரு. நீ இறங்கறப்பல்லாம் வீடே அதிருது. பீப்பாய் அதிர்ந்தா நுரைக்காம என்ன பண்ணும்?"

"என்னாலயா அதிருது?"

"நான் படியைச் சொன்னேன். உன் தொப்பையைச் சொன்னேனா?"

வியாழக்கிழமை படி சரியானது. நுரை சரியாகவில்லை.

"சுவத்துல காரை உதிருது பாரு. அந்தத் தூசி குழாய்க்குள்ள போனா?"

"போனா?"

"நுரைதான்."

வெள்ளியும் சனியும் பெயின்ட் அடித்தான். இடுப்பு விட்டுப்போனது. ஆனாலும் உற்சாகம் குறையவில்லை. இதோ, நாளைக்குப் பார், வெர்ன் மூஞ்சி போகிற போக்கை!

ஞாயிறு காலை குழாயைத் திறந்தான். பொங்கியது பொங்கியபடி.

நார்பர்ட் படியில் உட்கார்ந்துவிட்டான். "தோத்துட்டேன் ரோஸ். வெர்னுக்குப் போன் பண்ணி, வர்றோம்னு சொல்லிடு."

ரோஸலின் அவன் கையிலிருந்த கோப்பையை வாங்கினாள். அது வெளியும் உள்ளும் பனி பூத்து வெள்ளை வெளேரென்று இருந்தது. கோப்பையை ராத்திரி முழுக்க உறைபெட்டியில் வைக்காதவன் பீர் குடிக்கவே லாயக்கில்லை என்பது நார்பர்ட்டின் கட்சி.

"இவ்வளவு பனி மேல பீர் பட்டா பொங்கத்தான் செய்யும்" என்று அதைத் தள்ளி வைத்தாள். அலமாரியிலிருந்து ஒரு சாதாரணக் கோப்பையை எடுத்தாள். குளிர்ந்த தண்ணீரில் அலசினாள். சாய்த்துப் பிடித்துக் குழாயைத் திறந்தாள்.

தங்கமாக இறங்கியது பீர். மேலே ஒரு விரற்கடை நுரை, அவ்வளவுதான்.

"ஜெயிச்சுட்டோம்டி என் ராசாத்தி!" என்று அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான் நார்பர்ட். இறக்கிவிட்ட பிறகுதான் அவனுக்கு மெல்லச் சந்தேகம் தட்டியது.

"ஆமா, இது உனக்கு எப்பத் தெரியும்?"

"திங்கக்கிழமையே."

"அடிப்பாவி! அப்புறம் ஏன் சொல்லலை?"

ரோஸலின் சுவரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"பெயின்ட் காயட்டும்னுதான்."