பம்பின் பேரைச் சொல்ல மாட்டேன்

மேலகரம்,
ஆடி 7, புதன்கிழமை.

திருச்சியில் ஏட்டாக இருக்கும் அன்பு மாப்பிள்ளை சொரிமுத்துவுக்கு அத்தான் குற்றாலீஸ்வரன் ஆசீர்வாதம் பல சொல்லி எழுதிக்கொண்டது.

நீயும் இசக்கிச்செல்வியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே சாரல் நன்றாக விழுகிறது, ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறதாம். கொட்டுகிறதாம் என்றுதான் என்னால் எழுத முடியும், ஏனென்றால் நாலு நாளாக நான் வாசல்படி தாண்டவில்லை. ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா, இந்தக் காலத்தில் கடுதாசி எதற்கு என்று நினைப்பாய். என் போனையும் உன் அக்கா போனையும் அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டு மூடியிருக்கிறேன். எல்லாம் பயம்தான். போலீஸ்காரனிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது சொரிமுத்து.

ரிட்டயர் ஆன மனுஷன் சும்மா இருந்தால் அம்மாவோடு சண்டைதான் போடுவார் என்று மகள் உமாராணி போன தடவை கோயம்புத்தூரிலிருந்து வந்தபோது ஒரு மீன்தொட்டி வாங்கி வைத்துவிட்டுப் போனாள் அல்லவா, வினை அதில்தான் ஆரம்பித்தது. மீன் வளர்க்கிறவர்கள் இன்டர்நெட்டில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள், நானும் சேர்ந்தேன், அவர்கள் சொன்னார்களே என்று தென்காசி கடைவீதியில் ஒரு காற்றுப் பம்பு வாங்கினேன், தொட்டிக்குள் குமிழி விடுமே, அதுதான். முதல் நாள் முனகியது, இரண்டாம் நாள் உறுமியது, மூன்றாம் நாள் அடங்கியது, அதோடு என் ஆரஞ்சு மீன் இரண்டும் மல்லாந்து மிதந்தன. வயிற்றெரிச்சலில் கம்பெனி பெயரை முழுசாகப் போட்டு, இதை விற்கிறவன் விளங்குவானா என்று குழுவில் எழுதிவிட்டேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, குழுவை நடத்துகிற கடையநல்லூர் முகம்மது மீரான் போனில் வந்தார்.

"அண்ணாச்சி, பேர மட்டும் எழுதிராதிய. பொறா வளக்குற குரூப்புல ஒருத்தரு தீவனக் கம்பெனி பேர எழுதி, வக்கீல் நோட்டீஸ் வந்து, மனுசன் இன்னும் கோர்ட்டுக்கு அலையுதாரு" என்றார்.

நான் எழுதியதை அவரே அழித்துவிட்டார். ஆனால் ஐந்து நிமிஷம் அது அங்கே இருந்ததே, கம்பெனிக்காரன் கண்ணில் பட்டிருக்காதா? அப்புறம்தான் கவனித்தேன், அங்கே ஒருத்தரும் எந்தச் சாமானின் பெயரையும் நேராகச் சொல்வதில்லை. முதல் எழுத்தைப் போட்டுப் புள்ளி வைக்கிறார்கள், சிவப்பு டப்பா என்கிறார்கள், நம்ம பெரியவர் என்கிறார்கள். எனக்கு இந்த வித்தை வராது. முப்பத்தோரு வருஷம் பஸ் படியில் தொங்கிக்கொண்டு குத்தாலம் குத்தாலம் என்று ஊர்ப்பெயரைத் தொண்டை கிழியக் கத்திச் சம்பளம் வாங்கிய கண்டக்டர் நான். ஒளித்துச் சொல்வதில் கெட்டிக்காரி உன் அக்கா தங்கத்தாய்தான். தாலி ஏறிய நாளிலிருந்து அவள் என் பெயரைச் சொன்னதில்லை, என் பெயருக்குள் இருப்பதால் குற்றாலத்தையும் சொன்னதில்லை. என் பஸ்ஸிலேயே ஏறி என்னிடமே "அருவிக்கு ஒண்ணு" என்று டிக்கெட் கேட்டவள். அவளிடம் யோசனை கேட்டேன்.

"இதுக்குப் போயா இந்த முழி முழிக்கிய? பேரச் சொல்லப்பிடாதுன்னா ஊரச் சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

எனக்கும் சரி என்று பட்டது. நமக்குச் சொந்தமும் இல்லாத பகையும் இல்லாத ஊராகப் பார்த்து, பம்புக்கு ராயகிரி என்று பெயர் வைத்தேன். ராயகிரியை நம்பி வீட்டுக்குள் விட்டேன், மூன்றே நாளில் குடியைக் கெடுத்துவிட்டது, ஒருத்தரும் ராயகிரியைக் கிட்டத்தில் சேர்க்காதீர்கள் என்று எழுதிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன். மறுநாள் காலையில் பாண்டிராஜ் என்று ஒருவர் எழுதியிருக்கிறார், ராயகிரிக்காரராம், மிலிட்டரியிலிருந்து லீவில் வந்திருக்கிறாராம், எங்கள் ஊர் உமக்கு என்ன கெடுதல் செய்தது, விலாசம் கொடும், நேரில் வந்து கேட்கிறேன் என்று. கம்பெனிக்குப் பயந்து ஒதுங்கப் போய் மிலிட்டரியில் மாட்டிக்கொண்டேன் மாப்பிள்ளை. அந்த நிமிஷம்தான் போன் இரண்டும் அரிசிக்குள் போயின.

இப்போது சேதியைக் கேள். திங்கட்கிழமை ஹெல்மெட் போட்ட ஆள் ஒருவன் பையோடு பைக்கில் வந்து இறங்கினான். நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். இது யார் வீடு என்று கேட்கிறான், உமாராணி அப்பா வீடு என்கிறாள் உன் அக்கா. வீட்டுக்காரர் பெயர் என்ன என்கிறான், சொல்ல மாட்டேன் என்கிறாள். சாரலில் பெயர் எழுதியது அழிந்துவிட்டது, கு மட்டும்தான் தெரிகிறது, போன் போட்டாலும் போகவில்லை, பெயரைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்காமல் கொடுக்கக் கூடாது என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது. கையெழுத்து வாங்கிக் கொடுப்பது வக்கீல் நோட்டீஸ் இல்லாமல் வேறு என்ன? குமாரசாமியா என்றான், இல்லை என்றாள். குருசாமியா என்றான், இல்லை என்றாள். செவ்வாய்க்கிழமை திரும்பவும் வந்து குப்புசாமியா என்றான். பாதி சாமிதான், மீதி நீங்க தெனமும் தாண்டிப் போற ஊரு என்று இவள் விடுகதை போட, அவன் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டான். செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறும்போதுகூட எனக்கு இப்படி வேர்த்ததில்லை. முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு தடவையாவது என் பெயரைச் சொல்ல மாட்டாளா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குறை உண்டு. இன்றைக்கு அந்தச் சொல்லாத வாய்தான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

ஆகையால் நீ லீவு போட்டு, யூனிபாரத்தோடேயே, அடுத்த பஸ்ஸில் வரவும். வந்து வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு நாலு நாள் உட்கார்ந்தால் போதும். பென்ஷனை நிறுத்துவார்களா, வயசானவர்களையும் பாளையங்கோட்டை ஜெயிலில் வைப்பார்களா என்று விசாரித்துக்கொண்டு வா. அதற்குள் என்னைக் கொண்டுபோய்விட்டால் மிச்சம் இருக்கும் மூன்று மீனுக்கும் காலையில் ஒரு சிட்டிகை தீனி போடச் சொல்லு, உன் அக்கா கையள்ளிப் போட்டுவிடுவாள். பம்பின் பேரை உனக்கும் சொல்ல மாட்டேன், ஏட்டிடம் சொன்னால் அது வாக்குமூலம் ஆகிவிடும். படித்ததும் இதைக் கிழித்துவிடவும்.

பிள்ளைகள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்ததாகச் சொல்லு. குற்றாலநாதர் உங்களுக்குத் துணை இருப்பார், எனக்கும் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
உன் அத்தான்
(பெயர் மேலே இருக்கிறது, இன்னொரு தடவை எழுதக் கை வரவில்லை)

பி.கு: கடுதாசியை மடித்துக் கவர் தேடிக்கொண்டிருக்கும்போது அந்த ஆள் மூன்றாம் தடவையும் வந்துவிட்டான். ஆபீஸில் விசாரித்தானாம், அனுப்பியது கோயம்புத்தூர் உமாராணியாம், அதற்குமேல் அங்கேயும் தெரியவில்லையாம், இன்றைக்கும் பெயர் சொல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றான். மகள் பெயரைக் கேட்டதுதான் தாமதம், உன் அக்கா தெருவில் இறங்கி, "குத்தாலீஸ்வரன். அவுக பேரு குத்தாலீஸ்வரன். பாத்ரூமுக்குள்ள இருக்காவ" என்று கத்திவிட்டாள். எதிர்வீட்டு மூக்கம்மாள் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தாள். பார்சலில் வந்தது புதுப் பம்பு. பழையது நின்றுபோனதை நான் சொல்லியிருந்தேன், பிள்ளை கம்பெனிக்கு எழுதி மாற்று வாங்கி அனுப்பியிருக்கிறாள், அதே கம்பெனி. மாட்டினேன், பூனை நடக்கிற மாதிரிச் சத்தமே இல்லை. சந்தோஷத்தில் போனை அரிசியிலிருந்து எடுத்து, கம்பெனி பெயரை முழுசாகப் போட்டு, இதுபோல் பம்பு உலகத்தில் இல்லை, மற்றதெல்லாம் குப்பை என்று, மற்றதன் பெயர்களையும் போட்டுக் குழுவில் எழுதிவிட்டேன். முகம்மது மீரான் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார், எடுக்கப் பயமாக இருக்கிறது. நீ வர வேண்டாம் என்று எழுதத்தான் நினைத்தேன், எதற்கும் வா. கவர் கிடைக்காததால் பம்பு வந்த அட்டைப்பெட்டியிலேயே கடுதாசியை வைத்து அனுப்புகிறேன், நாலு பக்கமும் பெயர் அச்சடித்திருக்கிறது, பார்க்காதே.

இன்னொன்று. அவள் வாயில் என் பெயர் நன்றாகத்தான் இருந்தது. திரும்ப ஒரு தடவை சொல்லு என்று கேட்டேன். எந்தப் பேரு என்கிறாள்.