டிசைனர் கோட்டுன்னா அப்படித்தான்

நான்காவது மாடிக்கு லிப்ட் வந்து சேர்ந்தும் கோட்டில் ஒரு பொத்தான்கூட மாட்டவில்லை. தலைமைக் கணக்கர் சலித்துப்போய், திறந்தது திறந்தபடியே அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

கல்யாணமான நாளிலிருந்து பனியன் முதல் ஸ்வெட்டர் வரை அவருக்குத் துணி எடுப்பவர் மனைவிதான். அந்த அம்மாள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, அவரே தனியாகக் கடைக்குப் போய், அவரே தேர்ந்தெடுத்த கோட்டு இது. வெளிர்பச்சை நிறம், தோளில் மெத்தை, இடுப்பில் கச்சிதமான பிடிப்பு. "நல்ல ரசனை சார் உங்களுக்கு" என்று கடைப்பெண் சொன்ன பிறகு விலையைப் பார்க்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

போனில் விஷயத்தைக் கேட்ட மனைவி, "நான் வர்ற வரைக்கும் அதைப் போட்டுக்கிட்டு வெளியே போகாதீங்க" என்றாள். அதற்காகவே போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

எதிர் நாற்காலிக்காரருக்கு அலுவலகத்தில் சந்தேகம் என்றே பெயர். அவர் எழுந்து வந்து துணியைத் தடவிப் பார்த்தார். பொத்தான் ஏன் போடவில்லை என்று கேட்டார். பொத்தான் போட்டால் அது ஸ்வெட்டர் கணக்காகிவிடும் என்று பதில் வந்தது. ஏசிக் குளிர் நெஞ்சில் இறங்கித் தும்மல் போட்டபோதும் கணக்கர் அசைந்து கொடுக்கவில்லை.

"பாக்கெட்டுல கை நுழையலையே?"

"நுழையக் கூடாது. டிசைனர் கோட்டுல பாக்கெட்டு பார்க்கிறதுக்குத்தான்."

கணக்கர் அலமாரியின் மேல்தட்டிலிருந்து கோப்பு ஒன்றை எடுக்கப் போனார். அக்குள் இறுக்கிப் பிடித்தது. கை தோளுக்கு மேலே எழும்பவில்லை.

"கையையும் தூக்க முடியாதா?" என்றார் சந்தேகம்.

"இந்த மாதிரி கோட்டு போடுறவங்க எதையும் தூக்க மாட்டாங்க. ஆள் வச்சுத் தூக்குவாங்க."

இந்தப் பதில், அப்போதுதான் அறையைவிட்டு வெளியே வந்த மேனேஜரின் காதில் விழுந்தது. மேனேஜர் பீரோ மாதிரி ஆள். கோட்டைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், நம் பிரிவு முழுக்க இதே கோட்டில் நின்றால் எப்படி இருக்கும் என்றார்.

கணக்கரின் தனிப்பெருமை ஒரே நாளில் சீருடையாகிவிடுமே. கடையில் இருந்ததே இது ஒன்றுதான் என்று ஒரு பொய்யைச் சொல்லிவைத்தார். மேனேஜர் உடனே கடைக்குப் போன் போட்டார். வரிசையாகத் தொங்குகிறது, வாருங்கள் என்றார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோருமாகக் கிளம்பினார்கள். கடையின் கீழ்த்தளத்தில், கணக்கர் கைகாட்டிய இடத்தில், அதே வெளிர்பச்சை. சந்தேகமும் இன்னும் இரண்டு பேரும் ஆளுக்கொன்றை மாட்டிக்கொண்டு, பொத்தான் போடாமல், கையைத் தூக்காமல், மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார்கள்.

"போட்டுப் பார்த்தாதான் தெரியுது. நீங்க சொன்னதெல்லாம் சரி" என்றார் சந்தேகம். வாழ்நாளில் அவர் சந்தேகப்படாத முதல் வாக்கியம் அது.

கணக்கருக்கு மனம் நிறைந்துவிட்டது. பொய் சொன்னது வீண் என்று தோன்றியது. ஊரே பின்பற்றும் ஒரு ரசனையை இத்தனை வருஷமும் வீட்டில் அடக்கி வைத்திருந்தார்களே என்று நினைத்துக்கொண்டார். மேனேஜருக்குத்தான் ஒரு கை பாதி நுழைந்து சிக்கிக்கொண்டது. கணக்கர் கைதேர்ந்தவரைப் போலக் கடைப்பெண்ணைக் கூப்பிட்டு, சாருக்கு இதிலேயே பெரிய சைஸ் கொண்டுவரச் சொன்னார்.

அவள் மேனேஜரைப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் நின்ற மூவரையும் பார்த்தாள். கடைசியாகக் கணக்கரைப் பார்த்து மரியாதையாகச் சொன்னாள்:

"இதுக்கு மேல பெரிய சைஸ் லேடீஸ்ல வராது சார். ஜென்ட்ஸ் கோட்டெல்லாம் மேல் மாடியில இருக்கு."